ஊர்ப் பணிக்கு உரியவர் யார்?

நம் சந்தாதாரர்களுள் ஒரு பாதியினர் மழை வரவேண்டும் என்று வானத்தை நோக்குகிறவர்கள். மற்றொரு பாதியினர் மழை விடவேண்டும் என்று வானத்தை நோக்குகிறவர்கள். பயிர்த்தொழில் செய்வோருக்கு ஐப்பசி அடைமழை வாழ்வு. நெசவாளருக்கோ அது தறிக்குழியில் நீர் ஊறும் காலம்; தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க வழியின்றிக் கூலியற்றுக் கழியும் வாரங்கள். இவ்விரு சாராரும் அண்மைக் காலத்தில் ஒரே முறையீட்டைச் சொல்லக் கேட்கிறோம். காலம் பழைய கணக்கில் நடக்கவில்லை என்பதே அம்முறையீடு.

அது வெறும் புலம்பல் அன்று. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், இருபது முப்பது ஆண்டு வளர்த்த தென்னந்தோப்புகளை ஓர் இரவில் சாய்த்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டிற்று, தூத்துக்குடிச் சீமையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையையும் விஞ்சிய அளவு அது. ஒவ்வொரு புயலையும் கரியமில வாயுவின் தலையில் ஏற்றிவிடுவது முறையன்று. ஆயினும் கடலும் காற்றும் சூடேற ஏற, பெய்யும் மழை கடுமையாகப் பெய்யும், காயும் நாட்கள் கடுமையாகக் காயும் என்பதில் அறிஞர்களிடையே இன்று ஐயப்பாடு இல்லை.

இதனை முன்னிட்டு இப்போது ஊர்தோறும் பணிகள் பல நடைபெறுகின்றன. மரக்கன்று நடுகிறார்கள், ஏரி தூர் எடுக்கிறார்கள், சூரிய விளக்கு நாட்டுகிறார்கள், பம்புகளுக்குச் சூரியத் தகடு பொருத்துகிறார்கள். இவை வேண்டாதவை என்று சொல்ல நாம் துணியோம். நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை பத்திரிகைகளில் வருகிறது. மூன்றாம் கோடையைத் தாண்டிய கன்றுகளின் எண்ணிக்கை எங்கும் வருவதில்லை. விளக்குக்குள் இருக்கும் மின்கலம் தீர்ந்தபின் கம்பம் மட்டும் நிற்பதை எத்தனையோ ஊர்களில் காணலாம். அதைப் பழுது பார்க்க வேண்டியவர் யார் என்று கேட்டால், பஞ்சாயத்தார் கம்பெனியைச் சுட்டுவர். கம்பெனியார் ஒப்பந்தக் காலம் முடிந்ததைச் சுட்டுவர். இக்குறையைத்தான் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். பணி நல்லதா கெட்டதா என்பதற்கு முன்பாக, பணிக்கு உரியவர் யார் என்ற கேள்வி நிற்கிறது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவோம். உலகைச் சூடாக்கியது பெரிய ஆலைகளும் பெரிய நாடுகளும் அல்லவா? கைத்தறி மின்சாரமே அறியாதது. அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிக்கனம் பேசுவது தகுமா? ஆட்சேபம் முற்றும் நியாயமானது. அதற்காக நாம் செய்யவேண்டியது வாதாட வேண்டிய இடத்தில் வாதாடுவது. ஆனால் ஏரிக்கரை உடைந்தால் மூழ்குவது நம் வயல். கிணறு வற்றினால் காய்வது நம் பயிர். குற்றம் எவருடையதாயினும் சேதத்தின் பற்று நம் கணக்கில் ஏறுவதால், காப்பு வேலையும் நம் கையில் இருப்பது நமக்கே நன்மை.

ஏரியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் உள்ளன. பெருமழை ஒரே நாளில் கொட்டி, பின் இரு மாதம் வெயில் காயும் காலத்துக்கு ஏரியைப்போல் பொருத்தமான சாதனம் வேறில்லை. வெள்ளத்தையும் தாங்கும், வறட்சிக்கும் கொடுக்கும், சுற்றுக் கிணறுகளுக்கும் ஊறும். இதைக் கட்டிய நம் முன்னோர் அதைக் காக்கும் அமைப்பையும் உடன் கட்டினார்கள். உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் பொறித்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என ஒரு குழுவே இடம்பெறுகிறது. அதைக் குடவோலை முறைக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். நம் மனத்தைக் கவர்வது அதிலுள்ள மற்றொரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு நிற்கத் தகுதியற்றவர், அவருடைய உறவினருக்கும் அத்தகுதி இல்லை. இன்றைய கூட்டுறவுச் சட்டத்தில் இவ்வளவு கடுமை இருந்தால் நிர்வாகக் குழுக்கள் பலவற்றில் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும்!

பிற்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கம் நிலைத்தது. ஆயக்கட்டுக் குடிகள் ஆண்டுதோறும் கூடி வரத்துக்கால் வெட்டுவர், கரை உயர்த்துவர், மடை செப்பனிடுவர். தூரில் எடுத்த வண்டலை வண்டியேற்றித் தம் வயலுக்கே கொண்டுசெல்வர். ஆதலால் அது ஊருக்கு உழைத்த உழைப்பாகவும் தம் நிலத்துக்கு இட்ட எருவாகவும் இருந்தது. நீரைப் பங்கிட்டு விட நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன் என ஊருக்கு ஒரு பெயரில் ஓர் ஆள் இருந்தார். அவருக்குச் சம்பளம் களத்தில் அளக்கும் நெல். பயிர் விளைந்தால் அவருக்கு நெல், விளையாவிட்டால் இல்லை. இவ்வேற்பாட்டில் சாதிக் கட்டாயமும் ஏழைகளின் கூலியில்லா உழைப்பும் கலந்திருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. பழமை என்பதற்காக எல்லாவற்றையும் போற்றும் அன்பர்களோடு நாம் உடன்படவில்லை. ஆயினும் ஏரியின் பலனை அடைபவனே ஏரியின் பாரத்தையும் சுமந்தான் என்ற ஓர் அம்சம் அதில் திடமாக இருந்தது.

ஆங்கிலேய ஆட்சி நிலவரியோடு ஏரியின் வருமானத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டு, வேலையை மட்டும் குடிகள் தொடர்ந்து செய்யவேண்டுமென எதிர்பார்த்தது. அவ்வாறு நடக்கவில்லை. 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றிப் பார்த்தார்கள். சட்டத்துக்கு அஞ்சிக் கரை உயர்ந்ததாகத் தெரியவில்லை. உரிமை போன இடத்தில் உழைப்பு எப்படி நிற்கும்?

2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 1,519 பணிகள். அதற்கு 100 கோடி ரூபாய். ஒப்பந்தக்காரரை நீக்கி ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கத்திடமே வேலையை ஒப்படைப்பது, அவர்கள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தருவது என்பன அதன் விதிகள். சிறந்த விதிகள் என்றே அன்று கருதினோம், இன்றும் கருதுகிறோம். ஆனால் ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. தூர் எடுக்கும் வேலை சங்கத்திடம் வந்தது. ஏரியின் மீன் குத்தகை, கரை மரங்களின் வருமானம் முதலியவை பெரும்பாலும் அரசுத் துறைகளிடமோ பஞ்சாயத்திடமோ நின்றுவிட்டன. ஆண்டுக்கு ஆண்டு மதகில் எண்ணெயிட, கலிங்கில் விரிசல் பூச, காவலாளுக்குக் கொடுக்கச் சங்கத்திடம் காசு எங்கிருந்து வரும்? வரவு இல்லாத சங்கம் ஒரு வேலைக்காகக் கூடி, அவ்வேலை முடிந்தவுடன் கலைந்துபோகும். பத்தில் ஒரு பங்கு என்பதுகூடப் பல இடங்களில் ஏட்டளவில் நின்றதாகக் குறை கேட்டோம். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வரவும் செலவும் ஓரிடத்தில் சேர்ந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து ஒரு சான்று. குடிநீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அப்பஞ்சாயத்தார், 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கினர். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் பஞ்சாயத்தின் கையிருப்பு. மீதி வங்கிக் கடன். ஊருக்கு வேண்டியது போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு கடனைக் கட்டினர். இங்கே நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் இல்லை. கடன் இருந்தது, கடன் இருந்ததால் காற்றாலை ஓடுகிறதா என்று மாதந்தோறும் பார்க்கும் கண்ணும் இருந்தது.

டென்மார்க்கில் இதையே கூட்டுறவு வழியில் செய்தனர். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடல்குருண்டன் என்னும் கடல் திட்டில் 2000ஆம் ஆண்டில் 20 காற்றாலைகள் எழுந்தன. அவற்றில் பாதி நகர மின் நிறுவனத்துக்கு. மறுபாதி எட்டாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் சேர்ந்த சங்கத்துக்கு. ஆண்டுக்கு ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்கு ஒரு பங்கு என 40,500 பங்குகளை விற்றார்கள். எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு. நம் அங்கத்தினர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி, நம்மிடையே பேசத் தயங்கும் ஒரு செய்திக்கு வருகிறோம். பம்பு மோட்டாருக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில், இடையில் சிறிது காலம் நீங்கலாக, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளது. சிறு விவசாயிக்கு அது பேருதவி. அதைப் பறிக்கவேண்டும் என்பாரோடு நாம் சேரமாட்டோம். ஆனால் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் 435 குறுவட்டங்கள், ஊறுவதைவிட மிகுதியாக நிலத்தடி நீரை எடுப்பவை எனக் கண்டனர். திறந்த கிணறு வற்றியபின் ஆழ்துளை. நூறு அடி போய் அறுநூறு அடி, அறுநூறு போய் ஆயிரம். ஆழத்தில் இறங்கும் பந்தயத்தில் தோற்பவர் எப்போதும் கடன் வாங்க இயலாத சிறியவரே. இந்நிலையில் மானியத்தில் சூரியத் தகடு பொருத்திய பம்பு வருகிறது. நிலக்கரி எரியாது, புகை இல்லை என்பது உண்மை. ஆனால் காலை முதல் மாலை வரை காசின்றி ஓடும் பம்பை நிறுத்த யாருக்கு மனம் வரும்? புகையைக் குறைக்க வந்த சாதனம் கிணற்றைக் காலி செய்துவிடக் கூடும்.

இச்சிக்கலுக்கு ஒரு விடையைக் குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி என்ற சிற்றூர் முயன்று பார்த்தது. 2016இல் அங்கே ஆறு விவசாயிகள் கூடிச் சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். சூரிய சக்தியில் பாசனம் செய்வோர் சேர்ந்த இத்தகைய சங்கம் உலகில் இதுவே முதல் என்பர். டீசல் பம்புகளை நீக்கி மொத்தம் 56.4 கிலோவாட் தகடுகளை நாட்டினர். பயிருக்கு நீர் வேண்டும்போது பம்பு ஓடும். வேண்டாதபோது அதே மின்சாரம் ஊர்க் கம்பி வழியே ஓரிடத்தில் திரண்டு மின் நிறுவனத்துக்குப் போகும். மின் நிறுவனத்தார் யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தனர். அதற்கு ஈடாக, மானிய விலை மின் இணைப்புக் கேட்கும் உரிமையை அக்காலம் முழுதும் அங்கத்தினர் விட்டுக்கொடுத்தனர். ஒவ்வொருவர் வயலிலும் ஒரு மீட்டர். சங்கத்தின் வாயிலில் ஒரு மீட்டர். உட்கம்பிகளைப் பராமரிப்பதும், பணத்தை அளவுப்படி பிரித்துக் கொடுப்பதும் சங்கத்தின் வேலை.

இதன் நுட்பத்தை அன்பர்கள் கவனிக்கவேண்டும். தேவைக்கு மேல் இறைக்காதே என்று அங்கே எவரும் உபதேசிக்கவில்லை. ஒரு மணி நேரம் வீணாக இறைத்தால் எத்தனை யூனிட் விற்பனை போயிற்று என்பதை மீட்டரே சொல்லிவிடுகிறது. வெயில் ஒரு விளைபொருள் ஆகிவிடுகிறது. எள்ளையும் கடலையையும்போல் அதற்கு ஒரு விலை, ஒரு எடை, ஒரு ரசீது. மழை பொய்த்த ஆண்டிலும் விளையும் பயிர் அது ஒன்றுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. தகடுகளின் செலவில் பெரும்பகுதியைச் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் என்ற ஆராய்ச்சி அமைப்பே ஏற்றது. முதலில் சேர்ந்தவர்கள் செலுத்தியது சிறு தொகை. மின் நிறுவனத்தின் விலைக்கு மேல் அந்நிறுவனம் சில காலம் ஊக்கத்தொகையும் தந்தது. ஆறு பேர் செய்ததை அறுபதினாயிரம் பேர் செய்ய எந்த நன்கொடையாளரும் முன்வரமாட்டார். மற்றொன்று இதனினும் முக்கியம். பம்பு இல்லாத விவசாயி அண்டை வயலுக்காரரிடம் நீரை விலைக்கு வாங்கியே பயிரிடுகிறார். மின்சாரத்தை விற்பது இலாபம் என்று ஆகும்போது, அவருக்குக் கிடைக்கும் நீரின் விலை ஏறலாம். நீரே கிடைக்காமலும் போகலாம். நிலமற்ற கூலியாளுக்கோ இத்திட்டத்தில் பங்கே இல்லை. ஆகவே நம் நாட்டில் இப்படியொரு சங்கம் அமைந்தால், பம்பு வைத்திருப்போர் மட்டும் அங்கத்தினர் என்ற விதியை நாம் எதிர்ப்போம். நீர் வாங்குவோரும் பங்கு எடுக்க இடம் வேண்டும். அவர்களுக்கு விடவேண்டிய நீரின் அளவு துணைவிதியிலேயே எழுதப்படவேண்டும்.

இலவச மின்சாரத்தைக் கைவிடாமலே இதைச் செய்ய வழி உண்டு என்று நம்புகிறோம். ஒரு பம்புக்கு இன்னவளவு யூனிட் என்று அரசு ஏற்கெனவே கொடுத்துவருவதை விவசாயியின் உரிமையாக எழுதிவிட்டு, அதில் அவர் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை தரட்டும். மீட்டர் பொருத்தினால் நாளை கட்டணமும் வருமோ என்ற அச்சம் விவசாயிகளிடம் உள்ளது. அது காரணமற்ற அச்சம் அன்று. அதனால்தான் மீட்டரின் திறவுகோல் மின்வாரியத்திடம் மட்டும் இல்லாமல் விவசாயிகளின் சங்கத்திடமும் இருக்கவேண்டும் என்கிறோம்.

நெசவாள அங்கத்தினர்கள், இவையெல்லாம் வயற்காட்டுப் பேச்சு என்று எண்ணியிருக்கக் கூடும். நொய்யலை நினைவூட்டுகிறோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் அவ்வாற்றில் கலந்தது. 1992இல் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளில் சாயநீர்த் தேக்கமாகி, அதிலிருந்து நீர் திறக்கவேண்டாம் என்று பாசன விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. உலகில் வேறெங்கும் அணைக்குக் கீழ் உள்ளவர்கள் அப்படிக் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அதன்பின்னரே, ஒரு சொட்டும் வெளிவிடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பட்டறைகளின் கூட்டுச் செலவில் முறையாக இயங்கத் தொடங்கின. கூடிச் செய்ய முடிந்த வேலையே அது. இருபது ஆண்டு முன்பு தாமாகக் கூடியிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், கூலியும் நின்றிராது. இந்நிலையங்களுக்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது; எஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதும் முழுதாகத் தீரவில்லை.

கைத்தறிச் சங்கங்களின் சாயச்சாலைகள் அளவில் சிறியவை. அவற்றின் நீரும் ஏதோ ஒரு கிணற்றைத்தான் சேர்கிறது. 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியையும் அதன் துணைத்தொழில்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் 31.45 லட்சம். மின்சாரமின்றி நெய்த துணி என்று நகரத்துக் கடைகளில் இப்போது சீட்டு ஒட்டி விற்கிறார்கள். விலை உயர்ந்தது, தறிக்காரரின் கூலி அந்த அளவுக்கு உயர்ந்ததாகக் காணோம். அச்சீட்டை ஒட்டும் உரிமை நெசவாளர் சங்கத்துடையதாக இருக்கவேண்டும். நூல் எங்கே தோய்ந்தது, சாயநீர் எங்கே போயிற்று என்று அச்சீட்டில் சொல்லும் துணிவும் சங்கத்துக்கு வரவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அதிக விலை கேட்க நமக்கு வாய் இருக்கும்.

நம் சங்கங்கள் உடனே செய்யத்தக்கது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஏரியோ, கூரைமேல் தகடோ, சாயநீர்த் தொட்டியோ, எதை ஏற்றாலும் அதற்கெனப் பேரேட்டில் தனிப்பக்கம் திறக்கவேண்டும். மானியம் எவ்வளவு பெரிதாயினும் அங்கத்தினர் பங்குத்தொகை ஒரு சிறிதேனும் அதில் இருக்கவேண்டும். இலவசமாக வந்ததைப் பழுது பார்க்க எவரும் பையைத் திறப்பதில்லை. இலாப ஈவு வழங்குமுன் பராமரிப்புக்கென ஒரு தொகையை, சேமநிதிக்கு ஒதுக்குவதுபோல், ஒதுக்கிவிடவேண்டும். மின்கலம் இத்தனை ஆண்டில் தீரும், தகடு இத்தனை ஆண்டு உழைக்கும் என்பது வாங்கும்போதே தெரிந்த செய்தியாதலால் அதற்குத் தேய்மானம் எழுதாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை. மீன் குத்தகையில் ஒரு பங்கேனும் ஏரிச் சங்கத்துக்கு வரவேண்டும் என்று மாவட்டந்தோறும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பவேண்டும். அது கிடைக்கும்வரை தூர் எடுக்கும் வேலையை ஏற்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஏற்கவேண்டும் என்பதே நம் கருத்து. மழை நம் தீர்மானத்துக்குக் காத்திராது.

ஏரிப் பணியையோ சூரிய மின்சாரத்தையோ ஏற்று ஓராண்டுக்கு மேல் நடத்திவரும் சங்கங்களின் காரியதரிசிகள், அதன் வரவு செலவுக் கணக்கின் நகல் ஒன்றை நம் காரியாலயத்துக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நட்டம் கண்ட கணக்காயினும் அனுப்பத் தயங்கவேண்டாம். நட்டக் கணக்குகளையே முதலில் வெளியிட எண்ணியிருக்கிறோம். சங்கத்தின் பெயர் வேண்டாமென்றால் விட்டுவிடுவோம், எண்களை மாற்றமாட்டோம்.